குழி நிறையணும், குளம் கட்டப்பிடாது

தலையைக் கொஞ்சம் குனிந்து வாருங்கள், தகரக் கூரை தாழ்வு. வலது பக்கம் கேஸ் சிலிண்டர், இடது பக்கம் முட்டை அட்டைகள், காலடியில் தண்ணீர்க் குடம். இவற்றுக்கு நடுவே மிச்சமிருக்கிற ஒற்றையடி இடம்தான் வழி. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையில், நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிற ஒரு தட்டுக்கடையின் பின்கட்டுக்குள் வந்துவிட்டோம்!

முன்பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மஞ்சள் பல்பு, ஆடுகிற பெஞ்சு, ரசத்தில் ஊறிப் பருத்த ரசவடை, காரமாய்ச் சிவந்த தேங்காய்ச் சம்மந்தி, அடுக்கடுக்காய்த் தட்டில் விழும் சின்னச் சின்னத் தோசைகள். நெய்யாற்றின்கரையிலிருந்து மார்த்தாண்டம் வரை இந்தச் சாலையில் ராத்திரி பசித்தவர்கள் எல்லோரும் இப்படி ஒரு கடையில் நின்றிருப்பார்கள். பின்கட்டை மட்டும் யாருக்கும் காட்டுவதில்லை. எனக்குக் காட்டச் சம்மதித்தார்கள் என்பதில் மதியத்திலிருந்தே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நான் வந்தது தோசைக்காக இல்லை, கல்லுக்காக.

அதோ, அடுப்புமேல் நீளமாய்க் கிடக்கிறதே, அதுதான். கனத்த இரும்பு. தோசை போடும் மாஸ்டருடைய அப்பா காலத்தில் வாங்கியது. இப்போது இரும்பு என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்குக் கருத்து, மினுமினுத்துக் கிடக்கிறது. அடுப்பு பற்றவைக்க இன்னும் நேரம் இருந்ததால், "தொட்டுப் பாருங்க சாரே, இப்பம் கடிக்காது" என்றார் மாஸ்டர். விரலை ஓட்டினேன். வழவழ. கையோடு கொண்டு போயிருந்த உருப்பெருக்கியை வைத்து, போன் வெளிச்சத்தில் குனிந்தேன். எத்தனை மேடு, எத்தனை பள்ளம்! விரலுக்கு வழவழப்பாக இருந்த இடம் கண்ணுக்கு முழுக்க முழுக்கக் குண்டும் குழியுமாக விரிந்தது. ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் எண்ணெய் மினுங்கியது.

நான் கூவிய கூவலுக்கு மாவு அரைக்கும் அக்காவே ஓடி வந்துவிட்டார். "என்ன தம்பி, பல்லி விழுந்திட்டா?" என்றார். "இல்லக்கா, குழி! குழிக்குள்ள எண்ணெய்!" என்றேன். அக்கா மாஸ்டரைப் பார்த்தார், மாஸ்டர் என்னைப் பார்த்தார். அந்தக் குழிகளுக்காக உலகத்தின் பெரிய ஆய்வகங்கள் எவ்வளவு பாடுபடுகின்றன என்பதைச் சொல்லத்தான் வாய் துடித்தது. ஆனால் அதற்குள் கிரைண்டர் நின்றுவிட்டது. முதலில் மாவு.

பின்கட்டுக்கும் பின்னால் வீடு. திண்ணையில் பச்சரிசி ஒரு பாத்திரம், உளுந்து ஒரு பாத்திரம், வெந்தயம் சின்னக் கிண்ணத்தில். சுவரில் இரண்டு நாள்காட்டிகள், ஒன்று மலையாளம், ஒன்று தமிழ். கிரைண்டர் மேல் யாரோ காயப்போட்ட பள்ளிக்கூட சாக்ஸ். பாட்டி ஒருவர் ஓரமாய் உட்கார்ந்து தேங்காய் துருவுகிறார். பேச்சு மட்டும் நிற்பதே இல்லை. மலையாளத்தில் தொடங்கி, தமிழில் திரும்பி, மறுபடி மலையாளத்தில் போய் முடிகிறது. மாநில எல்லை பிரிந்த 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு போட்டவர்கள் வீட்டுப் பேச்சுக்குள் கோடு போட முடியவில்லை. பரிமாறும் பையன், "கரண்டு கேரளம், காத்து தமிழ்நாடு" என்று கடையை அறிமுகம் செய்துவைத்தான்.

நேற்றைய மாவு அண்டாவில் பொங்கி நிற்கிறது. பாட்டி ஒரு விரலால் தொட்டு, நாக்கில் வைத்து, "ஒரு மணிக்கூறு கூடப் போட்டும்" என்கிறார். அவ்வளவுதான், தீர்ப்பு. யாரும் மேல்முறையீடு செய்யவில்லை. "மக்கா, அதுக்க மேல சாயாத" என்று எனக்கும் ஒரு ஆணை வந்தது.

இருட்டத் தொடங்கியதும் அடுப்பு பற்றியது. இனிமேல்தான் நான் பார்க்கத் தவித்த காட்சி. மாஸ்டர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், தோர்த்தை இறுக்கிக் கட்டினார், சுரண்டியால் கல்லை ஒரு முறை வழித்தார். ஈர்க்குக் கட்டைத் தண்ணீரில் தோய்த்து ஒரு உதறு. துளிகள் சுர்ரென்று பரவி மறைந்தன. "இன்னும் ஆகல." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உதறினார். இந்த முறை துளிகள் பரவவே இல்லை! உருண்டை உருண்டையாய் முத்துக்களாகி, கல்லின் மேல் குறுக்கும் நெடுக்கும் ஓடின. "முத்து ஓடுனா கல்லு கோவத்துல இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

ஜெர்மனியின் துய்ஸ்பர்கில் பேராசிரியராக இருந்த லைடன்ஃப்ரோஸ்ட், 1756-இல் இதையே எழுதிவைத்தார். அவரிடம் இருந்தது பழுக்கக் காய்ந்த ஓர் இரும்புக் கரண்டி. அதில் துளித் தண்ணீரை விட்டு, அது உடனே ஆவியாகாமல் உருண்டு கிடப்பதைப் பார்த்து வியந்தார். கல் ஏறக்குறைய 200 டிகிரியைத் தொட்டதும், துளியின் அடிப்பாகம் கணத்தில் ஆவியாகிறது. அந்த ஆவிப் படலம் துளியைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. கீழே நெருப்புச் சூடு இருந்தும் மேலே துளி சாவகாசமாய் ஓடுகிறது. ஆவியும் காற்றும் சூட்டைக் கடத்துவதில் அத்தனை சோம்பேறிகள்.

இந்தச் சோம்பலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கல்லின் ரகசியமே இதில்தான் இருக்கிறது.

கோபத்தில் இருக்கிற கல்லைச் சமாதானம் செய்ய, மாஸ்டர் தண்ணீரைத் தாராளமாய்த் தெளித்தார். குப்பென்று ஆவி கிளம்பி அவர் முகத்தையே மறைத்தது. கொதிக்கவைக்கிற சூடு சிறிது, ஆவியாக்குகிற சூடு பெரிது. 30 டிகிரித் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோவதற்கு ஆகும் வெப்பத்தைவிட, கொதிக்கிற அதே தண்ணீரை முழுசாய் ஆவியாக்க 7 மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் முழுக்கக் கல்லிலிருந்தே போகிறது. ஈர்க்குக் கட்டின் இரண்டே உதறலில் கல் பதத்துக்கு வந்துவிட்டது.

அடுத்து, பாதியாய் அறுத்த ஒரு வெங்காயம். கத்தியில் குத்தி, எண்ணெயில் முக்கி, கல் முழுக்கத் தேய்க்கிறார். தேய்த்த பிறகு துணிக் கிழியால் ஒரு துடைப்பு. அட, இப்போதுதானே எண்ணெய் போட்டார், ஏன் துடைக்கிறார்? கேட்டேன். நெற்றி வியர்வையைப் புறங்கையால் வழித்துக்கொண்டு அவர் சொன்ன பதிலை அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டேன்: "குழி நிறையணும் சாரே, குளம் கட்டப்பிடாது."

மேடும் பள்ளமுமான இரும்பின் மேல் எண்ணெயே இல்லாமல் மாவை ஊற்றினால் இரண்டு விதமாய்க் கெடும். குழியில் காற்று மாட்டிக்கொண்டால், அந்த இடத்தில் சூடு ஏறாமல் தோசை வெளிறிப் போகும். மாவே குழிக்குள் இறங்கிவிட்டால், இரும்பைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். எண்ணெய் குழியை முதலில் பிடித்துக்கொண்டால் இரண்டும் நடக்காது. காற்றைவிட எண்ணெய் ஏறக்குறைய 6 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும், மாவையும் உள்ளே விடாது. எண்ணெய் அதிகமாகிக் குளம் கட்டினால் தோசை மிதந்து பொரியும், அது வேறு பண்டம். இத்தனையும் நான்கே சொற்களில்!

முதல் தோசை காக்கைக்கு. இரண்டாவதிலிருந்து வியாபாரம். அகப்பை நிறைய மாவு, கல்லின் மேல் ஒரு வட்டம், கையெடுப்பு. தட்டுத் தோசையை மெலிசாய் இழுப்பதில்லை, தடிமனாய், பஞ்சாய் விடுவார்கள். ஆனாலும் அந்த ஒரு சுற்றுக்குள் மாவு ஓடித் தீர வேண்டும். பச்சரிசி மாவு 70 டிகிரியை ஒட்டிய சூட்டில் இறுகத் தொடங்கிவிடும். கல் அதிகமாய்க் காய்ந்திருந்தால், அகப்பை சுற்றி முடிப்பதற்குள் அடிப்பாகம் இறுகி, மாவு சுருண்டு அகப்பையோடே கிளம்பிவரும். எண்ணெய்ப் படலம் இருந்தால் மாவு வழுக்கி ஓடும், ஓடும்போதே சூட்டையும் வாங்கிக்கொள்ளும். எண்ணெய் ஊறிய சொரசொரப்பின் மேல் ஒரு திரவம் ஓடிக்கொண்டே சூடேறுகிறது. பொறியியல் இதழ்களில் பக்கம் பக்கமாய்க் கணக்குப் போடுகிற காட்சி என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், உளுந்து வாசனையோடு!

எட்டு மணிக்கு ஒரு பேருந்து வந்து நின்றது. அதுவரை ஆளுக்கொரு பக்கமாய்ப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நொடியில் ஒரே உடம்பானார்கள். "நாலு தோசை, ஒரு ரசவடை!" "ரெண்டு ஆம்லெட், ஒண்ணுல மிளகு கூட!" அக்கா சம்மந்தி அள்ளுகிறார், பையன் தட்டுகளோடு பறக்கிறான். சாயா அடிப்பவர் கையில் டீ ஒரு முழம் நீண்டு விழுகிறது. மாஸ்டரின் முதுகில் வியர்வை கோடு கோடாய் இறங்குகிறது. கல்லில் வியர்வை விழாதபடி அவர் உடம்பை வளைத்து நிற்பதைப் பாருங்கள். அந்த நிற்பு அவர் இடுப்பில் ஒரு வலியாகவே தங்கிவிட்டதாம். "ராத்திரி படுக்கும்போ தெரியும்" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

இந்த அவசரத்திலும் ஒன்றை நான் கவனித்தேன். ஒவ்வொரு சுற்று தோசை எடுத்ததும் வெங்காயம் கல்லின் நடுப்பகுதிக்கு இரண்டு தரம் போகிறது, ஓரங்களுக்கு ஒரு தரம்தான். எதற்கு? "நடுவு சீக்கிரம் வறண்டு போவும். எண்ண ஓரத்துக்கு ஓடிருது" என்றார்.

எண்ணெய் ஓரத்துக்கு ஓடுகிறது! அலெக்சாண்டர் ஃபெடோர்செங்கோ, யான் ஹ்ரூபி என்ற இருவர் செக் நாட்டு அறிவியல் கழகத்தில் இதையே ஆராய்ந்து, 2021-இல் திரவ இயற்பியல் இதழ் ஒன்றில் வெளியிட்டிருக்கிறார்கள். சட்டியின் நடுவில் மட்டும் ஏன் அடிப்பிடிக்கிறது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. நடுவில் சூடு அதிகம். சூடான எண்ணெயின் பரப்பு இழுவிசை குறைவு, ஆறிய எண்ணெயின் இழுவிசை அதிகம். ஆகவே ஓரத்து எண்ணெய் நடு எண்ணெயைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, படலம் மெலிந்து, கிழிந்து, நடுவில் வறண்ட திட்டு விழுகிறது. சூரியகாந்தி எண்ணெயை வைத்து அவர்கள் செய்து பார்த்ததை மாஸ்டரின் மணிக்கட்டு அடுப்படியிலேயே படித்து வைத்திருக்கிறது.

பேருந்து போனது. ஐந்து நிமிஷம் ஓய்வு. எல்லோரும் குடத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். அடக்கி வைத்திருந்ததை எல்லாம் நான் கொட்டினேன்.

குடுவைத் தாவரத்தில் தொடங்கினேன். நம் நாட்டில் மேகாலயாவிலும், அந்தப் பக்கம் இலங்கையிலும் வளர்கிற பூச்சி தின்னிச் செடி. அதன் குடுவை விளிம்பில் நுண்ணிய வரிகள் இருக்கும், அவற்றில் ஈரம் ஊறி நிற்கும். எறும்பின் கால் அந்த ஈரத்தில் வழுக்க, எறும்பு நேரே குடுவைக்குள் போய்விடும். போன், ஃபெடர்லே என்ற இரு ஆய்வாளர்கள் 2004-இல் இதை விளக்கினார்கள். 2011-இல் ஹார்வர்டில் ஜோவான்னா ஐசன்பெர்க்கின் குழு, நுண்துளைப் பரப்பில் எண்ணெய் போன்ற திரவத்தை ஊறவைத்து, எதுவும் ஒட்டாத பரப்பு ஒன்றைச் செய்து காட்டியது.

"எறும்பு விழுமா?" என்று பையன் ஆர்வமாய்க் கேட்டான். "எல்லாமே விழும். தண்ணி, ரத்தம், எண்ணெய்கூட" என்றேன். அவன் கல்லை மரியாதையோடு பார்த்தான்.

அடுத்தது நம் ஊர்த் தொடர்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கிருபா வாரணாசி, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர். தக்காளி கெச்சப் பாட்டிலின் உட்புறத்தை அவருடைய குழு திரவம் ஊறிய பரப்பாக மாற்றியது. சாய்த்தால் கெச்சப் மொத்தமும் வழுக்கி வெளியே வந்துவிடும். "அப்பம் பாட்டில கழுவி ரசத்துல ஊத்துற வேலை மிச்சம்" என்றார் அக்கா.

எனக்குக் கெச்சப்பைவிட அவர்களுடைய இன்னொரு வேலைதான் பெரிது. அது நீராவி. இட்லிப் பானை மூடியின் அடியில் ஆவி துளித்துளியாய் நிற்குமே, அதேபோல மின் நிலையங்களில் டர்பைனைச் சுற்றி முடித்த நீராவி, குளிர்ந்த குழாய்களில் பட்டுத் தண்ணீராக வேண்டும். கூடங்குளத்தில் கடல் நீரை வைத்து அந்தக் குளிர்ச்சியைத் தருகிறார்கள். சாதாரணக் குழாயில் தண்ணீர் படலமாய்ப் போர்த்திக்கொள்ளும், அந்தப் போர்வையே அடுத்து வரும் ஆவிக்குத் தடை. துளியாய் நின்று உடனே உருண்டு விழுந்தால் வெப்பம் பல மடங்கு வேகமாய்க் கைமாறும் என்பது 1930-களிலிருந்தே தெரியும். துளியை உருட்டிவிடுவதுதான் பாடு. 2012-இல் வாரணாசி குழு, எண்ணெய் ஊறிய நுண்சொரசொரப்பில் துளிகள் சின்னதாய் இருக்கும்போதே நகர்ந்து ஓடுவதைக் காட்டியது.

குழாய்க்குள் திரவம் வழுக்கி ஓட வேண்டும் என்றால் சுவரில் காற்றைச் சிறைபிடித்து வைப்பது ஒரு வழி. தாமரை இலை செய்வது அதுதான். உரசல் குறையும், ஓட்டம் லேசாகும். ஆனால் காற்று சோம்பேறியாயிற்றே, வெப்பமும் குறைந்துவிடும். காற்றுக்குப் பதில் திரவத்தை நிரப்பினால்? உம்பெர்டோ சீரியும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபானோ லியோனார்டியும் இந்த இரண்டு வகைச் சுவர்களையும் கணினிக்குள் கட்டி, கொந்தளிக்கிற ஓட்டத்தை அவற்றின் நடுவே விட்டு, வெப்பம் போகிற கணக்கைப் பார்த்தார்கள். அந்தக் கட்டுரையும் 2021-இல்தான் வந்தது. உரசலைக் குறைத்துக்கொண்டே வெப்பத்தைக் கைவிடாமல் இருக்க முடியுமா என்பதுதான் இந்தத் துறையின் ஆசை. குழியில் எண்ணெய் இருந்தால் அதற்கு இடமுண்டு.

"ஆனா ஒரு பிரச்சினை இருக்கு மாஸ்டர்" என்றேன். 2015-இல் பிரின்ஸ்டனில் ஹோவர்ட் ஸ்டோனின் குழு காட்டியது அது. மேலே ஓடுகிற திரவம், குழியில் இருக்கிற எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாய் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. எண்ணெய் வற்றினால் பரப்பு பழையபடி வெறும் சொரசொரப்பு. அதைத் தடுக்கத்தான் பல ஆய்வகங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன.

மாஸ்டர் சாயாவை வைத்துவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "அவங்களுக்கு வெங்காயம் கிடைக்கலியா?"

பாட்டி சிரித்த சிரிப்பில் தேங்காய்த் துருவல் மடியிலிருந்து சிந்தியது. நான் சிரித்துவிட்டு யோசித்தேன். மின் நிலையக் குழாய்க்குள் யார் கையை விட்டுத் தேய்ப்பது? இங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கை, எவ்வளவு போனதோ அவ்வளவை மட்டும் திருப்பி வைக்கிறது. கல்லை வழுக்க வைப்பது எண்ணெய் மட்டுமில்லை, பின்கட்டில் நின்று அதை விடாமல் பார்த்துக்கொள்கிற ஆளும்தான். அந்த ஆளை முன்பக்கத்து பெஞ்சிலிருந்து யாரும் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

போவதற்கு முன் இன்னொன்றையும் காட்டியே ஆகவேண்டும். பெஞ்சுக்கடியில், சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார்களே, அது புதுக்கல். மகள் வீட்டுக்குப் போகப் போகிறது. சாம்பல் நிறம், முரட்டுத்தனம், தொட்டால் விரல் இழுபடுகிறது. அக்கா அதைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். புளி போட்டுத் தேய்த்து, கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, கழுவித் துடைத்து, நல்லெண்ணெய் தடவி, கடை ஓய்ந்தபின் அணையப்போகிற அடுப்பில் மெல்லச் சூடேற்றி ஆறவிடுவார். மறுநாள் மறுபடி. எண்ணெயில் ஒரு பங்கு சூட்டில் கெட்டிப்பட்டு இரும்போடு படலமாய்ச் சேர்ந்துகொள்ளும், அந்தப் படலத்தின் மேல்தான் புது எண்ணெய் தங்கும். "எத்தன நாளுக்கா?" என்று கேட்டால், "அது சொல்லும்" என்கிறார். சோப்பு மட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒரு தடவை யாரோ ஒரு விருந்தாளி நல்லெண்ணத்தில் பழைய கல்லைச் சோப்பு போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தாராம். அந்தக் கதையைச் சொல்லும்போது இன்னும் மாஸ்டருக்குக் குரல் உயர்கிறது.

வெளியே ஹாரன். அடுத்த வண்டி. எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள், குடம் சரிந்தது, பையன் அதைக் காலாலேயே நிறுத்தினான். மாஸ்டர் தோர்த்தை இறுக்கிக்கொண்டு, கத்தியில் குத்திய வெங்காயத்தை என் பக்கம் நீட்டினார். "ஒரு சுத்து நீங்க தேய்ங்க சாரே. நடுவுல ரெண்டு மட்டம்."

வாங்கிக்கொண்டேன். வெப்பம் முகத்தில் அறைந்தது, மணிக்கட்டு முடி பொசுங்குகிற வாசனை வந்தது. நடுவில் இரண்டு, ஓரத்தில் ஒன்று. "அமுக்கணும், அமுக்கணும்! குழிக்குள்ள போட்டும்!" என்று பின்னாலிருந்து அக்கா. துணிக் கிழியால் துடைத்து நிமிர்வதற்குள் மாவு விழுந்துவிட்டது. வட்டம் வழுக்கி ஓடி நின்றது, ஓரம் தானே கிளம்பியது, சுரண்டி உள்ளே போனதும் முழுத் தோசையும் ஒரே எழும்பலில் கைக்கு வந்தது.

"பிடிக்கல! ஒட்டவே இல்ல!" என்று நான் கத்த, "பின்ன ஒட்டுமா?" என்றார் மாஸ்டர். "தள்ளி நில்லுங்க சாரே, ஆறு தோசை, ரெண்டு ஆம்லெட்."